மூன்றாம் அறையில் போட்ட துண்டு

என் வீட்டுக்காரர் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது. "சி.ஐ.டி." என்றுதான் கூப்பிடுவார். மாடி வீட்டுக்காரர் இரண்டு நாளாகக் கதவைச் சத்தமில்லாமல் சாத்துகிறார் என்றால், ஏன் என்று நான் யோசிப்பேன். தொலைபேசியில் யாராவது "சும்மாதான் கூப்பிட்டேன்" என்றால் நான் உஷாராகிவிடுவேன். சும்மா யார் கூப்பிடுகிறார்கள்? "அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று அவர் கேலி செய்வார். செய்யட்டும். வீட்டுச் சாவி மூன்று முறை காணாமல் போனபோது, மூன்று முறையும் அது சலவைக்குப் போட்ட அவர் சட்டைப் பையில்தான் இருக்கும் என்று சொன்னவள் நான். இருந்தது.

இந்தப் புத்தியை வைத்துக்கொண்டு என் சொந்த அக்காவின் கணவரைக் கள்ளன் என்று சொன்ன கதை இது.

நான் வேலை பார்ப்பது ஒரு மருந்துக் கிடங்கில். ஆறு குளிர் அறைகள். அறைக்குப் பத்து அடுக்கு, அடுக்குக்கு ஒரு வெப்பமானி. ஒவ்வொன்றும் மணிக்கு ஓர் எண்ணை என் கணினிக்கு அனுப்பும். உள்ளே இருப்பதெல்லாம் ஊசி மருந்து. எட்டு டிகிரிக்கு மேலே போனால் வீணாகிவிடும். ஆனால் புட்டியைப் பார்த்தால் தெரியாது. கெட்டதும் நல்லதும் ஒரே நிறம், ஒரே மூடி. எண் மட்டும்தான் சாட்சி. மாதம் முடிந்ததும் அந்த எண்களை அறிக்கையாக்கி மேலாளரிடம் கொடுப்பது என் பொறுப்பு. கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் ஸ்டோர் கீப்பர் என் அக்காவின் கணவர், என் அத்தான். இங்கே வேலை காலி இருக்கிறது என்று சொல்லி என்னைக் கையோடு கூட்டி வந்து விட்டவரும் அவர்தான்.

மேலாளருக்கு நாங்கள் வைத்த பெயர் 'ஆகட்டும்'. எதைக் கொண்டுபோனாலும் "ஆகட்டும், பார்க்கலாம்" என்பார். எதையும் பார்த்ததாகச் சரித்திரம் இல்லை.

என் கணினியில் இந்த எண்கள் ஒரே ஒரு பெரிய அர்ரேயாக, அதாவது எண்களின் அட்டவணையாக, இருக்கின்றன. நான்கு விவரம் சொன்னால் ஓர் எண் கிடைக்கும்: எந்த அறை, எந்த அடுக்கு, எந்த நாள், எந்த மணி. நான்கில் எதன் இடத்திலாவது முக்காற்புள்ளி (:) வைத்தால் 'அதில் உள்ள அத்தனையும்' என்று பொருள். மூன்றாம் அறை, பிறகு மூன்று முக்காற்புள்ளி என்று எழுதினால், அந்த அறையின் எல்லா அடுக்கும், எல்லா நாளும், எல்லா மணியும் ஒரே வீச்சில் வந்து நிற்கும். கணினி பூஜ்ஜியத்திலிருந்து எண்ணுவதால் மூன்றாம் அறைக்கு இரண்டு என்று எழுத வேண்டும், அது அதன் தலையெழுத்து. இப்படிப் பெரியதிலிருந்து ஒரு பகுதியை எடுப்பதற்கு ஸ்லைஸ் என்று பெயர். நான் 'துண்டு போடுவது' என்பேன். வீட்டில் யாராவது என்ன செய்கிறாய் என்று கேட்டால், "துண்டு போட்டுக்கிட்டு இருக்கேன்" என்பேன். "பஸ்ஸிலயா?" என்பார் என் வீட்டுக்காரர். பழைய ஜோக். நான் சிரிக்கமாட்டேன்.

அந்த மாதம் அறிக்கை தயாரிக்க உட்கார்ந்தது ஒரு திங்கட்கிழமை. எண்களை மேலோட்டமாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது, மூன்றாம் அறையின் ஏழாம் அடுக்கில் ஓர் எண் கண்ணில் குத்தியது. பதினேழாம் தேதி, மதியம் இரண்டு மணி, 11.4. அதற்கு அடுத்த இரண்டு மணிகளும் பத்துக்கு மேலே. மேஜை நாட்காட்டியின் பின்பக்கத்தில் '11.4' என்று எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன். எட்டைத் தாண்டியதெல்லாம் அறிக்கையின் கடைசியில் தனிப் பட்டியலாகத் தானே வரும். அதனால் அப்போதைக்கு விட்டுவிட்டேன்.

மறுநாள் அறிக்கை முடிந்தது. போன மாதம் அதில் இருந்த வரைபடத்தைப் பார்த்து 'ஆகட்டும்' முகம் சுளித்திருந்தார். "என்னம்மா இது, மூணாம் ரூம் கோடு மட்டும் எகிறிக் குதிக்குது, மத்ததெல்லாம் எறும்பு ஊர்ற மாதிரி இருக்கு?" என்றார். மூன்றாம் அறைக் கதவைத்தான் அதிகம் திறப்பார்கள், அந்தக் கோடு துள்ளத்தான் செய்யும். சரி, இந்த முறை அழகாகக் கொடுப்போம் என்று, ஆண்டாண்டாக ஓடிக்கொண்டிருந்த, ஓடி முடிந்ததும் எண்களைக் கோப்பிலேயே சேமித்து வைக்கும் என் ப்ரோகிராமில் மூன்று வரி புதிதாகச் சேர்த்தேன். அச்சிட்டேன், கொடுத்தேன். அவர் வரைபடத்தைப் பார்த்துத் தலையாட்டினார்.

வியாழக்கிழமை மேஜையைத் துடைத்தபோது நாட்காட்டி கீழே விழுந்து புரண்டது. 11.4, இரண்டு கோடு. அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். 'எட்டைத் தாண்டியவை: எதுவுமில்லை.'

கோப்பைத் திறந்தேன். மூன்றாம் அறை, ஏழாம் அடுக்கு, பதினேழாம் தேதி, இரண்டு மணி: 8.0. மூன்று மணி: 8.0. நான்கு மணி: 8.0.

வெப்பமானி என்பது 7.9 காட்டும், 8.2 காட்டும், நிலையாக நிற்காது. மூன்று மணி நேரம் அளந்து வைத்ததுபோல 8.0 என்றால் அது இயற்கையில் கிடையாது. மனிதக் கை பட்டிருக்கிறது. திங்கட்கிழமைக்கும் வியாழக்கிழமைக்கும் நடுவில் யாரோ என் எண்ணைத் திருத்தியிருக்கிறார்கள்.

என் கணினியின் கடவுச்சொல் இரண்டு பேருக்குத்தான் தெரியும். ஒன்று நான். இன்னொன்று அத்தான்.

அதன் பிறகு பார்த்ததெல்லாம் பொருந்தியது. செவ்வாய்க்கிழமை அத்தான் என் அறைக்கு வந்தார். எப்போதும் வாசலில் நின்று பேசுபவர், அன்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "நம்பரெல்லாம் சரியா வந்திருக்காம்மா?" என்று கேட்டார். ஒன்பது வருஷத்தில் அவர் என் எண்களைப் பற்றி விசாரித்ததே இல்லை. புதன்கிழமை நான் ஸ்டோருக்குள் போனபோது எதையோ எழுதிக்கொண்டிருந்தவர், நீல அட்டை நோட்டு ஒன்றைச் சட்டென்று அட்டைப்பெட்டிக்கு அடியில் தள்ளினார். "என்ன அத்தான்?" என்றேன். "ஒண்ணுமில்ல" என்றார். ஒண்ணுமில்லை என்பவர்கள் முகம் அப்படி இருக்காது.

வியாழக்கிழமை மாலை நேராக அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். நானும் இரண்டு மடித்தேன்.

"அத்தான் எங்க?"

"இன்னும் வரல. என்னமோ தெரியலடி, பத்துப் பதினைஞ்சு நாளா அவரு அவராவே இல்ல. சாப்பாட்டுல கைய வச்சுக்கிட்டு எங்கயோ பாத்துக்கிட்டு இருக்காரு. மூணாம் ரூமு, மூணாம் ரூமுன்னு தூக்கத்துல பொலம்புறாரு."

"எத்தனாம் தேதியிலேர்ந்து?"

அக்கா மடிப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். "தேதியெல்லாம் எதுக்குக் கேக்குற?"

"சும்மாதான்."

நானே அந்தச் சொல்லைச் சொன்னேன். படி இறங்கும்போது எனக்குச் சந்தேகம் தீர்ந்து நிச்சயமாகிவிட்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். குளிர்சாதனம் நின்றதை அத்தான் கவனிக்காமல் விட்டிருக்கிறார், மருந்து கெட்டுவிட்டது, தன் தலை போகாமலிருக்க என் எண்ணை மாற்றிவிட்டார். கெட்ட மருந்து யாரோ ஒரு நோயாளியின் கைக்குப் போகப்போகிறது. வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. என்னை அவர் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லையே, என் எண்ணில் கை வைத்தால் எனக்குத் தெரியாது என்று நினைத்துவிட்டாரே என்பதுதான் ஆத்திரத்தில் பெரிய பங்கு. அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை 'ஆகட்டும்' முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பேனாவை மூடினார், திறந்தார், மூடினார். பிறகு, வாழ்க்கையிலேயே முதல் முறையாக, "உடனே பார்க்கணும்" என்றார்.

உடனே என்றால் உடனே. அரை மணி நேரத்தில் மூன்றாம் அறையில் இருப்பை எண்ணச் சொன்னார். நாற்பது பெட்டி குறைந்தது. ஏழாம் அடுக்கு காலி. எண்ணை மாற்றியதோடு சரக்கும் களவு என்றாகிவிட்டது. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி 'ஆகட்டும்' முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். பார்த்தும், அதைப் பற்றி யோசிக்கவில்லை. ஊரில் உள்ள அத்தனை பேரையும் சந்தேகப்படுகிற நான், அந்த ஒரு முகத்தைச் சந்தேகப்படாமல் விட்டேன்.

அத்தானைக் கூப்பிட்டார்கள். திங்கட்கிழமை அரசு மருந்து ஆய்வு அலுவலகத்துக்குப் புகார் போகும், அதுவரை வீட்டில் இருக்க வேண்டும், அதற்குப் பிறகு வேலை இருக்குமா என்பது அவர்கள் கையில் என்றார் மேலாளர். அத்தான் மேஜைமேல் சாவிக் கொத்தை வைத்தார். என் பக்கம் திரும்பினார்.

"நீ சொன்னியா?"

"ஆமா."

"எதப் பாத்து?"

"நம்பரப் பாத்து."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேலாளரைப் பார்த்தார். மறுபடியும் என்னைப் பார்த்தார். "சரிம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மறுத்துப் பேசாததையும் நான் ஒப்புதல் என்றே எடுத்துக்கொண்டேன்.

மதியம் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டாள். "துணி மடிக்கத்தான் வந்தியாடி?" என்று கேட்டாள். வைத்துவிட்டாள்.

புகாரோடு அனுப்ப ஆதாரம் வேண்டும் என்றார் 'ஆகட்டும்'. சாவிக் கொத்தையும் அதுவரை என்னிடமே கொடுத்தார். சனிக்கிழமை அலுவலகம் விடுமுறை. யாரும் இல்லாத அலுவலகத்துக்குக் காலை பத்து மணிக்கே வந்தேன். கையும் களவுமாகக் காட்ட வேண்டும், அதனால் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தேன். கடவுச்சொல்லை மாற்றினேன். இணைய ஒயரைப் பிடுங்கினேன். கதவை உள்ளே தாழ்ப்பாள் போட்டேன். வெப்பமானிகளின் பெட்டியிலேயே ஒரு நினைவட்டை இருக்கிறது, அதில் நாற்பது நாள் எண்கள் தங்கும். அதை எடுத்து வந்து கணினியில் ஏற்றினேன். மூன்றாம் அறை, ஏழாம் அடுக்கு, பதினேழு, இரண்டு மணி: 11.4. உயிரோடு இருந்தது. இதிலிருந்து உண்மையான அறிக்கையை எடுத்து, திருத்திய கோப்போடு சேர்த்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் முடிந்தது வேலை.

ப்ரோகிராமை ஓட்டினேன். அறிக்கை வந்தது.

'எட்டைத் தாண்டியவை: எதுவுமில்லை.'

எண்ணைப் பார்த்தேன். 8.0.

இணையம் இல்லை. கதவு தாழ்ப்பாளில். என்னைத் தவிர அறையில் யாரும் இல்லை. சொன்னால் சிரிப்பீர்கள், நான் எழுந்து போய்க் கதவுக்குப் பின்னால் பார்த்தேன். மேஜைக்கு அடியிலும் பார்த்தேன்.

மறுபடியும் அட்டையிலிருந்து ஏற்றினேன். 11.4. இந்த முறை ப்ரோகிராமை மொத்தமாக ஓடவிடாமல் வரி வரியாக ஓட்டினேன். ஒவ்வொரு வரிக்கும் பிறகு அந்த ஓர் எண்ணை எட்டிப் பார்த்தேன். 11.4. 11.4. 11.4. நான் புதிதாகச் சேர்த்த மூன்று வரிகள் வந்தன. முதல் வரி, மூன்றாம் அறையைத் துண்டாக எடு. 11.4. இரண்டாம் வரி, அந்தத் துண்டில் எட்டைத் தாண்டியதையெல்லாம் எட்டாக்கு.

8.0.

துண்டில்தானே மாற்றச் சொன்னேன்! படம் எகிறாமல் இருக்கத்தான், படத்துக்காக மட்டும்தான் அந்தத் துண்டு. மூலத்தைத் தொடச் சொல்லவில்லையே. ரொட்டியில் ஒரு துண்டு நறுக்கி அதில் எதைத் தடவினாலும் மீதி ரொட்டிக்கு என்ன? அப்படித்தான் நினைத்திருந்தேன். கையேட்டைப் பிரித்தேன். ஒன்பது வருஷமாக அலமாரியில் தூசி படிந்து கிடந்த கையேடு. துண்டு என்பது தனி நகல் இல்லை, மூலத்தின் அதே இடத்தைக் காட்டுகிற பார்வைதான், துண்டில் மாற்றினால் மூலமும் மாறும், தனியாக வேண்டுமென்றால் நகலெடுக்கச் சொல்ல வேண்டும் என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது.

இத்தனை வருஷம் துண்டு போட்டேன், பார்த்தேன், படம் வரைந்தேன். ஒன்றிலும் எதையும் மாற்றியதில்லை, அதனால் ஒன்றும் கெடவில்லை. மாற்றியது இந்த மாதம்தான். அழகுக்காக.

பஸ்ஸிலயா என்பார் என் வீட்டுக்காரர். பஸ்ஸில்தான். சீட்டில் துண்டைப் போட்டால் சீட்டைக் கழற்றி வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டோம் என்றா அர்த்தம்? சீட்டு அங்கேயேதான் இருக்கிறது, துண்டு அதன்மேல் கிடக்கிறது. துண்டின்மேல் தண்ணீரைக் கொட்டினால் சீட்டு நனையும். அந்த மனுஷன் வருஷக்கணக்கில் ஜோக் என்று சொன்னது கையேட்டில் இருந்த அதே விஷயம். அன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மனிதக் கைதான் மாற்றியது என்று சரியாகத்தான் கண்டுபிடித்தேன். அந்தக் கையில் இருந்த மோதிரத்தைத்தான் பார்க்கவில்லை. என் மோதிரம்.

அப்படியானால் நாற்பது பெட்டி? அப்போதும் என் புத்தி விடவில்லை. எண்ணை நான் மாற்றியிருக்கலாம், பெட்டியை நான் எடுக்கவில்லையே என்றது. சாவிக் கொத்தை எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் போனேன். ஒவ்வோர் அறையாகத் திறந்தேன். குளிரில் பல் கிட்டிப்போய், கடைசியில் பழைய அட்டைகள் போட்டு வைக்கும் சின்ன அறைக்கு வந்தேன். சுவரோரமாகத் தார்ப்பாய் போட்டு மூடி, கயிறு கட்டி, நாற்பது பெட்டி. ஒவ்வொன்றின் மேலும் அத்தானின் உருண்டைக் கையெழுத்தில் ஒரு சீட்டு: 'கெட்டது. யாருக்கும் கொடுக்காதே.' மேலே அந்த நீல நோட்டு.

தலைகீழாகக் கவிழ்த்து வைத்திருந்த ஒரு பெட்டியில் உட்கார்ந்து படித்தேன். அத்தானுக்குக் கணினிமேல் நம்பிக்கை இல்லை என்று நான் கேலி செய்ததுண்டு. அவர் ஒவ்வொரு நாளும் கைவெப்பமானியால் அளந்து எழுதி வைத்திருக்கிறார். பதினேழாம் தேதிப் பக்கத்தில்: 'மூன்றாம் அறை, ஏழாம் அடுக்கு, 2 மணி, 11.4. குளிர்சாதனம் நின்றுவிட்டது. நாற்பது பெட்டி தனியே எடுத்தேன். மேலாளரிடம் சொன்னேன். மாத அறிக்கை வரட்டும், பார்க்கலாம் என்றார்.' பக்கத்தின் அடியில் பச்சை மையில் மேலாளரின் கையெழுத்து. படிக்காமல் கையெழுத்துப் போடுவது அவர் வழக்கம்.

நான் அறிக்கை கொடுத்த செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில்: 'அறிக்கையில் 8.0 என்று இருக்கிறதாம். மேலாளர் பெட்டிகளைத் திரும்ப அடுக்கில் வைக்கச் சொல்கிறார். வைக்க மாட்டேன்.' அதற்குக் கீழே ஒரு வரி. பேனா காகிதத்தைக் கிழிக்கும் அளவுக்கு அடித்து அடித்து அழித்திருந்தது.

அழித்த வரியைப் படிக்காமல் விட நான் சி.ஐ.டி. இல்லையா? தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். எழுத்து ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

'மச்சினி மாற்றியிருக்கிறாள். அவர் சொல்லி மாற்றினாளோ என்னவோ. போய் உட்கார்ந்தும் கேட்க வாய் வரவில்லை.'

என் கண்ணீர் அந்த நோட்டில் விழாமல் பார்த்துக்கொள்வது பெரும்பாடாக இருந்தது. அது ஆதாரம். நேற்று மேலாளர் அறையில் அவர் வாயெடுத்து நிறுத்தியது எதற்கென்று இப்போது தெரிந்தது. நான் அப்போதே எழுதிக் கொடுத்தேனே என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். அடுத்த கேள்வி, அப்படியானால் அறிக்கையை மாற்றியது யார் என்று வந்திருக்கும். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் சாவியை வைத்துவிட்டுப் போனார். பெட்டிகளைத் தனியே எடுத்தது தெரிந்தும் 'ஆகட்டும்' முகம் மலர்ந்தது, தான் பார்க்காமல் விட்ட பழி அத்தான் தலையில் விழுகிறதே என்றுதான்.

திங்கட்கிழமை காலை மேலாளரிடம் போனேன். என் ப்ரோகிராமின் மூன்று வரி, அட்டையில் இருந்த எண், நான் செய்த தப்பு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன். அவர் படித்தார். அவர் முகம் பழையபடி ஆனது.

"ஆகட்டும், பார்க்கலாம்."

"இப்பவே பாருங்க சார்" என்று நீல நோட்டைத் திறந்து பச்சைக் கையெழுத்தின் பக்கம் விரலை வைத்தேன். "இதோட நகலையும் என் தாளோட நகலையும் ஆய்வு அலுவலகத்துக்கு அனுப்பிட்டுத்தான் இங்க வந்தேன்."

தன் கையெழுத்துக்கு மேலே என்ன இருக்கிறது என்பதை அவர் முதல் முறையாகப் படித்தார். வெகுநேரம் படித்தார்.

"அவர நாளைக்கே வரச் சொல்லும்மா."

"நீங்களே கூப்பிட்டுச் சொல்லுங்க சார். நான் வேற விஷயம் சொல்லப் போறேன்."

அக்கா கதவைத் திறந்தாள். வா என்று சொல்லவில்லை, சாத்தவும் இல்லை. அத்தான் பனியனோடு சாப்பாட்டு மேஜையில் ஒரு பழைய மின்விசிறியைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். திருகாணிகள் வரிசையாக இருந்தன. நான் நின்றபடியே சொல்லி முடித்தேன். துண்டு, நகல், எட்டு, எல்லாம். அவருக்குப் பாதி புரிந்திருக்காது.

"அப்போ அவரு சொல்லி நீ மாத்தலையா?"

"இல்ல அத்தான்."

"வேணும்னும் மாத்தலையா?"

"இல்ல அத்தான். தெரியாமப் பண்ணிட்டேன். ஆனா உங்களச் சொன்னது தெரிஞ்சுதான் சொன்னேன்."

"அப்பாடா" என்று நாற்காலியில் சாய்ந்தார். வேலை திரும்பி வந்ததற்கு அவர் அப்படிச் சொல்லவில்லை, அதை நான் இன்னும் சொல்லவே இல்லை. "அது போதும்மா எனக்கு. நல்ல பொண்ணு இப்படி ஆயிட்டாளேன்னுதான் நெஞ்சு அடிச்சுக்கிச்சு."

அக்கா சுவரில் சாய்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அவருக்கும் உன்மேல சந்தேகம் இருந்திருக்கு" என்றாள். "எங்கிட்டகூட வாயத் திறக்கல. உனக்கு அவர்மேல சந்தேகம் வந்துச்சு. வீட்டுக்கு வந்து துணி மடிச்சிட்டு, மறுநாள் போய்ச் சொல்லிட்ட. ஒரு வார்த்தை கேட்டியாடி?"

அவள் உள்ளே போய்விட்டாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்டது. எனக்கும் சேர்த்துக் காபி போடுகிறாளா, நான் எழுந்து போகட்டும் என்று வேண்டுமென்றே பாத்திரத்தை உருட்டுகிறாளா என்று வழக்கம்போல மனசு கணக்குப் போட ஆரம்பித்தது. சத்தம் இரண்டு டம்ளருடையதா, மூன்று டம்ளருடையதா என்று காதைத் தீட்டினேன். அத்தான் ஒரு திருகாணியைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்தார்.

எழுந்து சமையலறைக்குப் போனேன். அவளிடமே கேட்டேன்.